எரிமலைத் தீவில் கப்பல் நிற்கும் எட்டு மணித்தியாலம்: மலையகத்திலிருந்து போகிறவர்களுக்கு

கப்பல் சுற்றுலாவில் ஒரு தீவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 8 முதல் 10 மணித்தியாலம். இறங்கவும் திரும்ப ஏறவும் அதில் 2 போய்விடும். மீதி நேரத்தில் எரிமலை, கடற்கரை, கடைத்தெரு மூன்றையும் முடிக்கலாம் என்று புறப்படுகிறவர்கள் வேன் யன்னலைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். எரிமலைத் தீவுகளில் துறைமுகம் கடல் மட்டத்தில் இருக்கும், பார்க்க வேண்டிய இடம் 2,000 அல்லது 3,000 மீட்டர் மேலே இருக்கும், இடையில் முழுக்க வளைவு வீதி. வரைபடத்தில் 40 கிலோமீட்டர் என்று போட்டிருப்பதை நம்பக் கூடாது என்பது ஹட்டன், இறம்பொடை வளைவுகளில் பஸ் ஏறியவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு துறைமுகத்துக்கு ஒரே ஒரு இடம் என்று முடிவு செய்யுங்கள். கீழே வருவதெல்லாம் அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் போய் வருவது என்பதுதான்.

முதலில் கடதாசி வேலை

பயணச்சீட்டில் இருக்கும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தோட்டப் பகுதிகளில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, பாடசாலைச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருப்பது வழக்கம். லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் பிள்ளை அவசரத்தில் 'அம்மா பெயர் இதுதானே' என்று சீட்டுப் போட்டால், கப்பல் ஏறுமிடத்தில் வாசலிலேயே பிரச்சினை வரும். முதலில் கடவுச்சீட்டின் படத்தைப் பிள்ளைக்கு அனுப்புங்கள், பிறகு சீட்டுப் போடச் சொல்லுங்கள். பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்க பத்தரமுல்லைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, கண்டியிலும் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் உண்டு.

விசாவில் அதிகம் பேர் சறுக்குவது இரண்டு இடத்தில். முதலாவது, பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் எத்தனை தடவை நுழையலாம் என்பது. கப்பல் ஸ்பெயினில் புறப்பட்டு, நடுவில் மொரோக்கோவின் கசபிளாங்காவில் நின்று, மறுபடி ஸ்பெயினுக்கு வந்தால் அது இரண்டாவது நுழைவு. கிரேக்கத் தீவுகளுக்கு நடுவில் துருக்கியின் குஷாதாசியில் நிற்கும் கப்பலிலும் அதே கதை. விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழையும் விசா கேளுங்கள், கப்பலின் முழுப் பயணப் பட்டியலையும் இணையுங்கள். இரண்டாவது, இந்து சமுத்திரத்தில் மொரீஷியஸுக்குப் பக்கத்துத் தீவான ரியூனியன். அது பிரான்சின் பகுதி, நாணயம் யூரோ, ஆனால் ஷெங்கனுக்குள் இல்லை. பிரான்சின் கடல்கடந்த மாவட்டத்துக்கென்று தனி விசா எடுக்க வேண்டும். ஸ்பெயினின் கனரி தீவுகள், போர்த்துக்கலின் மடெய்ரா, அசோரஸ், கிரேக்கத்தின் சன்டோரினி, இத்தாலியின் சிசிலி ஆகியவை ஷெங்கனுக்குள் இருப்பவை. சவுத்ஹாம்ப்டனில் ஏறுவதாக இருந்தால் பிரித்தானிய விசாவும் வேண்டும், அதுவும் திரும்பி இறங்கும் நாள் வரை செல்லுபடியாக இருக்க வேண்டும்.

ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி மாதம் வரை வைத்திருக்காதீர்கள். காப்புறுதி எடுக்கும்போது 'கப்பலைத் தவறவிட்டால்' என்ற பிரிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மலையகத்துக்கே உரிய இன்னொரு விஷயம் கட்டுநாயக்க போகும் வழி. மழைக்காலத்தில் கடுகண்ணாவையோ கினிகத்தேனையோ மண்சரிவால் மூடப்பட்டால், 5 மணித்தியாலப் பயணம் 12 ஆகிவிடும். விமானத்துக்கு முதல் நாளே நீர்கொழும்புப் பக்கம் இறங்கித் தங்குங்கள். கப்பல் புறப்படும் நகரத்துக்கும் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். விமானம் பிந்தலாம், கப்பல் காத்திருக்காது.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

கப்பலில் தினமும் இரவு மறுநாள் விபரத் தாளிலோ செயலியிலோ ஒரு நேரம் வரும்: எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டிய நேரம். பெரும்பாலும் அது புறப்படும் நேரத்துக்கு 30 நிமிடம் முன், சில கப்பல்களில் ஒரு மணித்தியாலம். அதைத்தான் முடிவாக எடுக்க வேண்டும். அதிலிருந்து தனியாகச் சுற்றுபவர்கள் இன்னும் 90 நிமிடத்தைக் கழியுங்கள், மலைக்குப் போனால் 2 மணித்தியாலம். மிஞ்சுவதில்தான் உங்கள் நாள்.

கப்பல் நேரமும் ஊர் நேரமும் எப்போதும் ஒன்றல்ல. அசோரஸில் ஊர் நேரம் லிஸ்பனைவிட ஒரு மணித்தியாலம் பின்னால். போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் பழைய நேரத்திலேயே ஓடலாம். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டி, அதைக் கப்பல் நேரத்தில் வைத்துவிட்டுத் தொடாதீர்கள். கடலில் இருக்கும்போது போனை விமானப் பயண நிலையில் போடுவதும் முக்கியம். கப்பலின் செய்மதித் தொடர்பில் போன் தானாக ஒட்டிக்கொண்டால் வரும் பில் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்னும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, கப்பல் மேடையில் கட்டுமா, நங்கூரம் போடுமா என்பது. நங்கூரம் போட்டால் டெண்டர் எனப்படும் சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் பணம் கட்டியவர்களை முதலில் இறக்குவார்கள், மற்றவர்கள் இலக்கச் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். காலை வரிசையில் ஒரு மணித்தியாலம் போவது சாதாரணம். அலை எழும்பினால் அந்தத் துறைமுகமே ரத்தாகிவிடும், அதற்காக முன்கூட்டிக் கட்டிய வெளி வாகனப் பணம் திரும்புமா என்பதை முதலே எழுத்தில் கேட்டு வைக்கவும்.

கப்பலின் சுற்றுலா விலை கூடத்தான். ஆனால் அந்த பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தனியார் வேனில் போனால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. எங்கள் கருத்து இது: ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டிய மலைக்குக் கப்பலின் சுற்றுலா, அதற்குக் குறைந்த தூரத்துக்குச் சொந்த ஏற்பாடு.

காற்று வரும் பக்கத்தைப் பாருங்கள்

தென்மேல் பருவக்காற்றில் மஸ்கெலியா, நோர்வூட் நனைந்துகொண்டிருக்கும்போது பண்டாரவளையிலும் வெலிமடையிலும் வெயில் காய்ந்து காற்று வீசும். எரிமலைத் தீவுகளும் இப்படித்தான். கடலுக்கு நடுவில் ஒற்றை மலை, அதில் ஒரு பக்கத்திலிருந்து வருடம் முழுக்கக் காற்று. கனரி தீவுகளில் ஒன்றான தெனெரிஃபெயில் அது வடகிழக்குக் காற்று, ஆகவே வடக்குப் பக்கம் பச்சையும் மேகமுமாக இருக்கும், தெற்கு வரண்டிருக்கும். ரியூனியனில் தென்கிழக்குக் காற்று, கிழக்குக் கரை மழை, மேற்குக் கரை வெயில். அந்தத் தீவின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் 24 மணித்தியாலத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது, இன்றும் உலக சாதனை அதுதான். நுவரெலியாவுக்கு ஒரு வருடம் முழுவதும் கிடைக்கும் மழைக்குக் கிட்டிய அளவு.

துறைமுகத்தில் மேகமாக இருக்கிறதே என்று மலைப் பயணத்தைக் கைவிடாதீர்கள். தெனெரிஃபெயின் தெய்தே போன்ற உயர்ந்த மலைகளில் மேகத்தைத் தாண்டி மேலே போனால் வெயில். உயரம் குறைந்த மலைகளில் இது நேர்மாறு: கீழே வெயிலாக இருக்கும், 500 மீட்டரில் பனி மூடி ஒன்றும் தெரியாது. அசோரஸின் முக்கிய பார்வையிடங்களின் நேரடிப் படத்தை ஸ்பாட்அசோரஸ் தளத்தில் காட்டுகிறார்கள். வேன் ஏற முன் அதைத் திறந்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

எந்தத் தீவில் எது

தேயிலை தெரிந்தவர்களுக்கு அசோரஸின் சாவோ மிகேல் தீவைத்தான் முதலில் சொல்வோம். கப்பல் பொன்தா தெல்காதா நகரத்தின் மடியிலேயே கட்டும், டெண்டர் தொல்லை இல்லை. கப்பல் காலை 8 மணிக்கு வந்து, எல்லோரும் ஏற வேண்டிய நேரம் மாலை 4.30 என்று வைப்போம். 9 மணிக்கு வேன் புறப்பட்டால் 10 மணிக்குள் ஃபுர்னாஸ் ஏரி. கரையில் மண் கொதித்துக்கொண்டிருக்கும், அந்தச் சூட்டில் குழி தோண்டி இறைச்சியும் மரக்கறியும் நிறைந்த பானைகளைப் புதைத்து ஏறக்குறைய 6 மணித்தியாலம் வேக விடுகிறார்கள். நண்பகல் வாக்கில்தான் பானை எடுப்பார்கள். அந்தச் சாப்பாட்டில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் ஒன்றாகவே வேகும், விரதக்காரர்களும் அவற்றை உண்ணாதவர்களும் ஊருக்குள் கொதிநீரில் அவித்து விற்கும் சோளத்தோடு நிற்கலாம். அங்கேயே தெர்ரா நோஸ்ட்ரா பூங்காவில் வெந்நீர்க் குளம் இருக்கிறது. தண்ணீரில் இரும்புச்சத்து, வெள்ளைத் துணி போட்டு இறங்கினால் காவி நிறம் பிறகு போகாது. கறுப்பு உடை, பழைய துவாய்.

12 மணிக்கு அங்கிருந்து புறப்பட்டு வடகரைக்கு வந்தால் கொர்ரியானா தேயிலைத் தொழிற்சாலை. 1883 முதல் ஓடுகிறது, ஐரோப்பாவில் இன்றும் இயங்கும் மிகப் பழைய தேயிலைத் தோட்டம் அதுதான் என்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்கலாம், தேத்தண்ணி ஊற்றித் தருவார்கள், யந்திரங்களைப் பார்த்தால் தலவாக்கலைத் தொழிற்சாலைக்குள் நிற்கிற மாதிரியே இருக்கும். கொழுந்து பறிப்பது யந்திரத்தால், நிரைகள் வேலி வெட்டியது போல மட்டமாக இருக்கும், எதிரே கடல். ஒரு மணித்தியாலம் போதும். 2.15 போலத் துறைமுகத்துக்குத் திரும்பிவிடலாம், மீதி நேரம் நகரத்துக்கு. மேற்கே இருக்கும் செத்தே சிடாடெஸ் இரட்டை ஏரியையும் இதே நாளில் சேர்க்கச் சொல்லும் சாரதிகள் உண்டு. வேண்டாம்.

தெனெரிஃபெயில் கப்பல் நிற்பது சாந்தா குரூஸில். தெய்தே 3,715 மீட்டர், கேபிள் கார் 2,356 மீட்டரில் தொடங்கி 8 நிமிடத்தில் 3,555 மீட்டருக்குக் கொண்டுபோகும். துறைமுகத்திலிருந்து கேபிள் காருக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். சீட்டை இணையத்தில் நேரம் குறித்து முன்கூட்டியே வாங்க வேண்டும், நேரில் போய் வாங்கலாம் என்று நம்பாதீர்கள். காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள், அன்று கட்டணம் திரும்பக் கிடைக்கும். உச்சிக்கு நடக்கத் தனி அனுமதி வேண்டும், கப்பல்காரர்களுக்கு அது சரிவராது. இங்கே கவனம் உயரத்தில்தான் வேண்டும். இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீட்டர். நுவரெலியாவில் பிறந்து வளர்ந்தவருக்கும் 3,555 புதிய உயரம். காலையில் கடல் மட்டத்தில் இருந்த உடம்பு 2 மணித்தியாலத்தில் அங்கே நிற்கும்போது, மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கீழே உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். மெதுவாக நடங்கள், படி ஏறும்போது பேசாதீர்கள். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் கீழே உள்ள கல்வெளியோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அதுவே பார்க்கப் போதும். தலைவலியும் குமட்டலும் வந்தால் மருந்து தேடாமல் கீழே இறங்குங்கள்.

கனரி தீவுகளில் லன்சரோட்டே சின்னத் தீவு, நேரம் இடிக்காது. அர்ரெசிஃபே துறைமுகத்திலிருந்து திமன்ஃபாயா எரிமலைப் பூங்கா ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1730 முதல் 1736 வரை ஆறு வருடம் தொடர்ந்து குமுறிய இடம். உள்ளே பூங்காவின் பஸ்ஸில்தான் சுற்ற வேண்டும், இறங்க விடமாட்டார்கள். பிறகு நிலத்தில் ஒரு குழியில் காய்ந்த செடியைப் போட்டு அது தானாகத் தீப்பிடிப்பதைக் காட்டுவார்கள். 10 மணிக்குப் பின் சொந்த வாகனத்தில் போனால் வாசல் வரிசையில் ஒரு மணித்தியாலம் போய்விடும். திரும்பும் வழியில் லா ஹேரியாவில் நிறுத்தச் சொல்லுங்கள். மழையே இல்லாத கரிய சாம்பல் நிலத்தில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, ஒவ்வொரு குழியிலும் ஒரு திராட்சைக் கொடி, காற்று மறைக்க அரைவட்டக் கல்கட்டு. இரவு ஈரத்தைச் சாம்பல் பிடித்து வைத்திருக்கிறது. கான் வெட்டிக் கல்கட்டிய கைகள் அதை உடனே மதிக்கும்.

சன்டோரினியில் கப்பல் நிற்பதே எரிமலை வெடித்துப் பள்ளமான இடத்தில், அதனால் டெண்டர்தான். பழைய துறைமுகத்திலிருந்து மேலே ஃபிரா ஊருக்கு கேபிள் கார், அல்லது 588 படி. படிகளில் கோவேறு கழுதைகளும் போகும், சாணத்தில் வழுக்கும். மலையேறப் பழகியவர்களுக்கு ஏறுவது ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் விழுவார்கள். பிற்பகலில் இறங்கும் கேபிள் கார் வரிசை ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும், அதைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் கடைசி டெண்டருக்கு ஓடுகிறார்கள். எரிமலையைத்தான் பார்க்க வேண்டுமென்றால் மேலே ஏறவே தேவையில்லை: கீழ்த் துறைமுகத்திலிருந்தே படகில் நெயா கமேனிக்குப் போகலாம், கடைசியாக 1950இல் வெடித்த சிறு தீவு, நிழல் கிடையாது. 2025 ஜூலை முதல் இங்கே இறங்கும் ஒவ்வொரு கப்பல் பயணியிடமும் வரி அறவிடுகிறார்கள், ஜூன் முதல் செப்டெம்பர் வரை 20 யூரோ. பெரும்பாலும் கப்பல் கணக்கில் சேரும்.

சிசிலியின் கத்தானியாவில் எட்னா எரிமலை நேரே தெரியும். 1,900 மீட்டரில் உள்ள சாபியென்சா வரை பஸ், அங்கிருந்து 2,500 மீட்டர் வரை கேபிள் கார். அதற்கு மேல் வழிகாட்டியோடுதான்.

நமக்குக் கிட்டியவை மொரீஷியஸும் ரியூனியனும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம், துறைமுகம் மாறினால் அதிர்ச்சி அடைய வேண்டாம். மொரீஷியஸில் இன்று எரியும் மலை இல்லை. கியூர்பிப்பில் உள்ள பழைய எரிமலை வாய்க்கு, போர்ட் லூயிஸிலிருந்து மெட்ரோ ரயிலில் போய், நிலையத்திலிருந்து டக்சி பிடித்தால் காசும் மிச்சம். கப்பல் முனையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு நடக்க முயலாதீர்கள். தெற்கே புவா ஷேரி என்ற இடத்தில் தேயிலைத் தோட்டமும் உண்டு. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், கோயில்கள் எங்கும் இருக்கும். ஆனால் தமிழில் பேசினால் பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பேச்சு பிரெஞ்சிலிருந்து வந்த கிரியோல். ரியூனியனிலும் அப்படித்தான். நம் பாட்டன்மார் கோப்பித் தோட்டத்துக்கு வந்த அதே நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

ரியூனியனின் பிதோன் த லா ஃபுர்னேஸ் உலகின் மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று, 2,632 மீட்டர். பார்வையிடமான பா த பெல்கொம் 2,311 மீட்டர், சிவனொளிபாத மலையைவிடக் கொஞ்சம் உயரம். துறைமுகத்திலிருந்து ஒரு வழிக்கே இரண்டரை மணித்தியாலம் வேண்டும், காலை 10 மணிக்கெல்லாம் பனி ஏறத் தொடங்கும். கப்பல் இரவு தங்கினால் விடியற்காலையில் புறப்படுங்கள். பகல் மட்டும் நிற்கும் கப்பலில் வருபவர்கள் அதை விட்டுவிட்டு, எரிமலைக் குழம்பு வீதியைக் கடந்து கடலில் இறங்கிய தென்கிழக்குக் கரைக்குப் போகலாம். அந்த வழியில் பிதோன் செயின்ட் ரோஸில், 1977இல் குழம்பு வாசல் வரை வந்து நின்ற தேவாலயம் இருக்கிறது. எரிமலை குமுறும்போது உள்வளாகத்தை மூடிவிடுவார்கள், வேலி தாண்டினால் தண்டம்.

கால், தோல், மூச்சு

உறைந்த குழம்புப் பாறை உடைந்த கண்ணாடி மாதிரி வெட்டும். சிலிப்பர் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். விரலும் குதிக்காலும் மூடிய, அடி தடித்த, ஏற்கெனவே பழகிய சப்பாத்து வேண்டும், நீளக் காற்சட்டை வேண்டும். சேலையோடுதான் வருவேன் என்ற அம்மாமார் உள்ளே லெகிங்ஸ் போட்டால் முழங்கால் தப்பும். மெல்லிய கையுறை ஒரு சோடி, ஏனென்றால் விழும்போது கைதான் முதலில் ஊன்றும். கறுப்பு மணல் வெயிலில் கால் பொரியும் அளவுக்குச் சுடும், எரிமலைக் கடற்கரைகள் திடீரென்று ஆழமாகும்.

குளிரைப் பற்றி மலையகத்தாருக்குப் பயம் குறைவு, அதனாலேயே தவறுகிறார்கள். 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 பாகை குறையும். கீழே 26 பாகை என்றால் தெய்தே கேபிள் கார் உச்சியில் 3 பாகை, அதோடு காற்று. ஆனால் நுவரெலியாவின் ஈரக் குளிர் அங்கே இல்லை, காற்று வரண்டது, வெயில் நேரே சுடும். ஸ்வெட்டர், அதன் மேல் காற்றுப் புகாத மழைக்கோட், தொப்பி, சூரியத் தடுப்புக் களிம்பு, ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். சாப்பாட்டு மேசையிலிருந்து பழமும் சமைத்த சாப்பாடும் கரைக்குக் கொண்டுபோகப் பெரும்பாலான துறைமுகங்களில் தடை. பொதி உடைக்காத பிஸ்கட் போதும்.

கந்தகப் புகை ஆஸ்துமாக்காரரை உடனே பிடிக்கும். மூக்கில் கட்டும் சாதாரண முகமூடி தூசைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து புகையை நோக்கி அடிக்கும்படி நில்லுங்கள், இன்ஹேலர் பையில் இல்லாமல் சட்டைப் பையில் இருக்கட்டும். கொதிமண் குழிகளைச் சுற்றி மேற்பரப்பு மெல்லிய ஓடு, வேலிக்கு வெளியே கால் வைத்தால் கொதிநீருக்குள் இறங்கும். ஞாபகத்துக்கு ஒரு கல் எடுப்பதும் தெய்தே, திமன்ஃபாயா பூங்காக்களில் குற்றம்.

புறப்படும் கிழமையில் அந்த எரிமலையின் எச்சரிக்கை நிலையை ஒருமுறை பாருங்கள். 2025 பெப்ரவரியில் சன்டோரினியைச் சுற்றித் தொடர்ந்து நிலம் நடுங்கியபோது ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டு வெளியேறினார்கள். அப்படியான நேரத்தில் கப்பல் வேறு துறைமுகத்துக்குத் திரும்பும்.

கப்பலைத் தவறவிட்டால்

விசா தேவைப்படும் நாட்டவர்களின் கடவுச்சீட்டைப் பல கப்பல்கள் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்கின்றன. ஆகவே கரையிறங்கும் ஒவ்வொரு நாளும் கடவுச்சீட்டின் முதற் பக்கம், விசாப் பக்கம் இரண்டின் பிரதியும், அறை அட்டையும், 100 யூரோ காசும், இரண்டு நாளுக்கான மாத்திரையும் உடம்போடு இருக்க வேண்டும். விபரத் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும், அதைப் படம் பிடித்து வைக்கவும்.

பிந்துகிறது என்று தெரிந்த உடனே, துறைமுகத்துக்கு வந்து சேரும்வரை காத்திராமல், வேனிலிருந்தே முகவருக்கு அழையுங்கள். கப்பல் போய்விட்டால், கப்பலில் இருந்த கடவுச்சீட்டை எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது பல கப்பல்களின் வழக்கம். அதை வாங்கியதும் காப்புறுதி நிறுவனத்துக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கம் ஒன்று எடுங்கள், அதன் பிறகுதான் விமானச்சீட்டு வாங்க வேண்டும். அடுத்த துறைமுகம் வேறு நாடென்றால் உங்கள் விசா அங்கே செல்லுமா என்று முகவரிடமே கேளுங்கள். செல்லாது என்றால் கப்பலைத் துரத்தாமல், பயணம் முடியும் நகரத்துக்கு நேரே போய்ப் பெட்டிகளை வாங்கிக்கொள்வதுதான் வழி.